சிராங்கூன் சாலை வெயிலைக் கூட்டுவது எப்படி?

சென்னையில் அச்சடித்த தினசரி நாட்காட்டி ஒன்று தேக்காவில் ஒரு மளிகைக் கடைச் சுவரில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமைத் தாளில் 'ராகுகாலம் 7.30 முதல் 9.00' என்று போட்டிருக்கும். தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அந்தக் கணக்கில் சூரியன் காலை 6 மணிக்கு உதிக்கிறது. ஏழரை மணிக்குள் பகலில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். சிங்கப்பூரில் காலை ஏழரை மணிக்குச் சூரியன் எழுந்து அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அப்புறம் அந்தத் தாள் இங்கே எப்படிப் பொருந்தும்?

ராகுகாலம் நல்லதா கெட்டதா என்பதை உங்கள் பாட்டியிடம் விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் கணக்கு. சூரியன் உதிப்பது முதல் மறைவது வரையுள்ள பகலை எட்டுச் சம பங்காக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு உரியது இரண்டாம் பங்கு. பகல் 6 முதல் 6 வரை என்றால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். இரண்டாம் பங்கு 7.30க்குத் தொடங்கி 9க்கு முடியும். சிங்கப்பூரில் பகல் சுமாராக 7 முதல் 7 வரை. இங்கே அதே இரண்டாம் பங்கு 8.30க்குத் தொடங்கி 10க்கு முடிய வேண்டும். கடிகாரத்தில் எண்கள் மாறின. வானத்தில் சூரியன் நிற்கும் இடம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது வீட்டில் இருந்தால், அவர்களுடைய புத்தகத்தில் 'பிரதியிடல் முறையில் தொகையிடல்' என்று ஒரு பகுதி இருக்கும். பெயர்தான் பயமுறுத்தும். ஒரு கடிகாரத்தை விட்டு வேறு கடிகாரத்துக்குத் தாவும்போது எதையெல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதே அங்கே கேள்வி. அதை சிங்கப்பூர் வெயிலை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் இந்த ஒரு மணி நேரக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சிங்கப்பூர் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறக்குறைய 103.8 பாகையில் இருக்கிறது. 15ஆல் வகுத்தால் 6 மணி 55 நிமிடம். ஆக, சூரியனைக் கேட்டால் நம் கடிகாரம் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம்தான் முன்னே இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு 1905 ஜூன் 1 முதல் அதை முழுசாக 7 மணி ஆக்கினார்கள். 1933இல் 7 மணி 20 நிமிடம். 1941 செப்டம்பரில் ஏழரை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் தீவைப் பிடித்ததும் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள். கடிகாரம் ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம் முன்னே போயிற்று. 1945 செப்டம்பரில் அவர்கள் சரணடைந்த பின் பழையபடி ஏழரை. கடைசித் தாவல் 1981 டிசம்பர் 31 இரவு. தீபகற்ப மலேசியாவும் கிழக்கு மலேசியாவும் ஒரே நேரத்துக்கு வந்தபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. இரவு 11.30க்குக் கடிகார முள்ளை 12க்குத் தள்ளிவிட்டு 1982 பிறந்தது என்றார்கள். பழைய ஆண்டின் கடைசி அரை மணி நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை!

ஃபோர்ட் கெனிங் குன்றில் ஏறினால் ஒரு கம்பத்தில் பெரிய பந்து ஒன்றைக் காணலாம். அது நேரப் பந்தின் மாதிரி. அந்தக் காலத்தில் குறித்த நேரத்தில் பந்தை மேலிருந்து விழவிடுவார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். பந்து விழும் நேரத்தை மனிதர்கள் முடிவுசெய்யலாம். சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை முடிவுசெய்ய முடியாது. இப்போதைய கடிகாரப்படி நமக்கு உச்சிப்பொழுது நண்பகல் 12 மணிக்கு வருவதில்லை, ஏறக்குறைய 1 மணிக்குத்தான் வருகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே மட்டுமே இருப்பதால், மார்ச் 23, செப்டம்பர் 20 ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். மார்ச் மாதத்தில் அப்படி ஒரு நாள் மதியம் 1 மணி 10 நிமிட அளவில் சிராங்கூன் சாலையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் குச்சியின் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

சரி, வெயிலுக்கு வருவோம்.

மொட்டைமாடியில் ஒரு பலகையைப் படுக்கையாக வைத்திருக்கிறோம். சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது அதில் விழும் வெயிலை 1 என்று வைத்துக்கொள்வோம். சூரியன் சாயச் சாய அதே ஒளிக்கற்றை அதிக இடத்தில் பரவி விழுகிறது; பலகைக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. எவ்வளவு குறையும்? சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு எவ்வளவோ அவ்வளவு கிடைக்கும். உதிக்கும்போது 0. 30 பாகையில் பாதி. 90 பாகையில் முழுசாக 1. பிறகு அதே வழியில் இறங்கி, மறையும்போது மறுபடி 0. (காற்றும் மேகமும் இல்லை என்று இப்போதைக்கு எண்ணிக்கொள்ளுங்கள். அவை பின்னால் வந்து தொந்தரவு கொடுக்கும்.)

நாள் முழுவதும் பலகையில் விழுந்த வெயில் மொத்தம் எவ்வளவு? வெயில் நொடிக்கு நொடி மாறுகிறதே, எப்படிக் கூட்டுவது?

பகலைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுவோம், துண்டுக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு துண்டிலும் நடு நேரத்து வெயிலை எடுத்துக்கொள்வோம். 7.30க்குச் சூரியன் 7.5 பாகையில், சைன் மதிப்பு 0.131. 8.30க்கு 0.383. பிறகு 0.609, 0.793, 0.924, 0.991. காலைப்பொழுதின் ஆறு துண்டுகளும் சேர்ந்து 3.831. மாலையிலும் அதே அளவு. மொத்தம் 7.66. அதாவது உச்சி வெயில் ஏழரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக அப்படியே அடித்தால் எவ்வளவோ, அவ்வளவு.

துண்டுகளை அரை மணியாக வெட்டினால் 7.645. கால் மணியாக வெட்டினால் 7.641. எண் எங்கோ ஓரிடத்தில் போய் நிற்கப் பார்க்கிறது. துண்டுகளை மேலும் மேலும் மெலிதாக்கிக்கொண்டே போனால் அது நெருங்கி நெருங்கிப் போகும் அந்த மதிப்புக்குத்தான் 'வரையறுத்த தொகை' என்று பெயர். எங்கிருந்து எங்கு வரை என்று இரண்டு எல்லைகள் கொடுத்திருப்பதால் வரையறுத்த தொகை. லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானியர் 1675 அக்டோபர் 29 அன்று எழுதிய குறிப்பில் இதற்கு ∫ என்ற குறியைப் போட்டார். 'கூட்டுத்தொகை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் முதல் எழுத்தை நீட்டி இழுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நம் கணக்கை அந்தக் குறியோடு எழுதுவோம். நேரத்துக்கு 'நே'. மெலிந்த நேரத் துண்டுக்கு 'சிறுநே'. மாலை 7 மணி என்பது 24 மணிக் கணக்கில் 19.

∫ (7 முதல் 19 வரை) சைன்[ பை × (நே − 7) ÷ 12 ] × சிறுநே

பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் 7ஐக் கழி, பையால் பெருக்கு, 12ஆல் வகு என்று ஏகப்பட்ட வேலை. இந்த அழுக்கெல்லாம் எங்கிருந்து வந்தது? சூரியனிடமிருந்து வரவில்லை. நம் கடிகாரம்தான் கொண்டுவந்தது. 7 என்ற எண் 1981இன் கடைசி இரவில் முள்ளைத் தள்ளியதால் வந்தது. 12 என்ற எண் பகலைப் பன்னிரண்டு மணி நேரம் என்று எண்ணும் பழக்கத்தால் வந்தது.

ஆகவே கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சூரியன் வானத்தில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை வைத்தே நேரத்தைச் சொல்வோம். ஆரம் 1 உள்ள ஓர் அரைவட்டம் வரையுங்கள். வலது முனை கிழக்கு, இடது முனை மேற்கு, மேலே உச்சி. சூரியன் கிழக்கில் ஏறி வில்லின் மேல் நடந்து மேற்கில் இறங்குகிறது. வில்லில் அது நடந்த நீளத்தை 'கோ' என்று வைத்துக்கொள்வோம். அரைவட்ட வில்லின் முழு நீளம் பை, அதாவது 3.1416. கோணத்தை இப்படி வில்லின் நீளத்தால் அளப்பதைத்தான் உயர்நிலைப் பள்ளியில் ரேடியன் என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

கோ = பை × (நே − 7) ÷ 12

அசிங்கமாக இருந்த அடைப்புக்குறி முழுவதும் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிட்டது. சைனுக்குள் இனி 'கோ' மட்டும்தான். பிரதியிடல் என்பது இதுதான். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. பாதி மாணவர்கள் இங்கேயே முடிந்துவிட்டதாக எண்ணிப் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

துண்டும் மாற வேண்டும். மல்லிகைச் சரத்தை முழம் போட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று மீட்டரால் அளந்தால், ஒரு முழத்தின் விலையை ஒரு மீட்டரின் விலையாக வைத்துக்கொள்ள முடியுமா? அளவுகோல் மாறினால் விலைச்சீட்டும் மாற வேண்டும். அப்போதுதான் சரத்தின் மொத்த விலை மாறாமல் இருக்கும். சூரியன் 12 மணி நேரத்தில் பை நீளம் நடக்கிறது. வில்லில் 1 அளவு நடக்க 12 ÷ பை மணி நேரம், அதாவது ஏறக்குறைய 3.82 மணி நேரம் ஆகிறது. அதனால்

சிறுநே = (12 ÷ பை) × சிறுகோ

மூன்றாவதாக எல்லைகள். பழைய கடிகாரத்தில் 7 என்றது புதிய கடிகாரத்தில் என்ன? சூரியன் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை, 0. பழைய 19? முழு வில்லும் முடிந்தது, பை. இப்போது கணக்கு இப்படி ஆகிவிட்டது:

(12 ÷ பை) × ∫ (0 முதல் பை வரை) சைன் கோ × சிறுகோ

இந்த ∫ பகுதியின் விடையைச் சூத்திரம் எதுவும் தெரியாமலே படத்திலிருந்து எடுத்துவிடலாம். எனக்கு இந்த முழுக் கணக்கிலும் மிகவும் பிடித்த இடம் இது. சூரியன் வில்லின் மேல் ஒரு குட்டி அடி, சிறுகோ அளவு, எடுத்து வைக்கிறது. அந்த அடியால் அது மேற்கு நோக்கிக் கிடைமட்டமாக எவ்வளவு நகர்ந்தது? அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது நேர் மேலே ஏறுகிறது. கிடைமட்ட நகர்வு கிட்டத்தட்ட இல்லை. உச்சியில் முழு அடியும் கிடைமட்டம்தான். இடையில் சரியாக சைன் கோ × சிறுகோ. ஓர் அடியையும் அதன் கிடைமட்டப் பகுதியையும் சிறிய செங்கோண முக்கோணமாக வரைந்து பார்த்தால் இது பிடிபட்டுவிடும். ஆக, இவற்றையெல்லாம் கூட்டினால் சூரியன் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்குக் கிடைமட்டமாக நகர்ந்த மொத்தத் தூரம் கிடைக்கும். அது அரைவட்டத்தின் விட்டம். ஆரம் 1 என்றால் விட்டம் 2.

விடை: (12 ÷ பை) × 2 = 24 ÷ பை = 7.639. நாம் துண்டு துண்டாகக் கூட்டியபோது நெருங்கிக்கொண்டிருந்த எண் இதுவே.

எல்லைகளை மாற்ற மறந்தவருக்கு என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். உள்ளே 'கோ' என்று மாற்றிவிட்டு, எல்லைகளை மட்டும் பழைய 7, 19 என்றே விட்டுவிட்டால் வரும் விடை −0.897. சூரியன் நாள் முழுவதும் அடித்த பின், கொடுத்ததற்கு மேல் நம்மிடமிருந்து வெயிலைப் பறித்துக்கொண்டு போயிற்று என்கிறது அந்த எண்! இங்கே விடை எதிர்மறையாக வந்ததால் தவறு உடனே பல்லைக் காட்டுகிறது. எல்லாக் கணக்கிலும் இப்படி மாட்டிக்கொள்ளாது. நம்பும்படியான ஒரு தவறான எண்ணாக வந்து விடைத்தாளில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு சோதனை. உங்கள் தாத்தா 1950இல் சிங்கப்பூரில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடிகாரத்தில் பகல் 6.30 முதல் 6.30 வரை. அவருடைய தொகையில் எல்லைகள் 6.5, 18.5, அடைப்புக்குறிக்குள் நே − 6.5. ஜப்பானியர் காலத்தில் எல்லைகள் 8, 20. தாளில் பார்த்தால் மூன்றும் வேறு வேறு தொகைகள். 'கோ'வுக்கு மாற்றியதும் மூன்றும் ஒரே தொகையாகின்றன: 0 முதல் பை வரை. ஆட்சிகள் மாறின, அவற்றோடு கடிகாரமும் மாறியது. மொட்டைமாடியில் விழுந்த வெயிலில் ஒரு துளியும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த 7.64 வெறும் தாள் கணக்கா? தீவின் மேற்குப் பக்கம் தெங்கே நீர்த்தேக்கத்துக்குப் போனால் தெரியும். 2021 ஜூலை 14 அன்று அங்கே மிதக்கும் சூரிய மின்நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். தண்ணீரின் மேல் 1,22,000 சூரியத் தகடுகள், பரப்பு ஏறத்தாழ 45 காற்பந்துத் திடல்கள். முழு வெயிலில் அதன் திறன் 60 மெகாவாட். மேகமே இல்லாத கற்பனை நாளில் நம் கணக்குப்படி 60 × 7.64, அதாவது 458 மெகாவாட்-மணி மின்சாரம் வர வேண்டும்.

வராது. சிங்கப்பூரில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,580 கிலோவாட்-மணி சூரிய ஆற்றல் விழுகிறது. 365ஆல் வகுத்தால் நாளுக்கு 4.3. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட் என்பதால், இந்த 4.3ஐ நம் 7.64க்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம். பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. மீதியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது மேகம். பிற்பகல் இடிமழையைப் பற்றி சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையிலும் மாலையிலும் ஒளி சாய்ந்து வரும்போது நீண்ட தூரம் காற்றைத் துளைத்து வர வேண்டியிருப்பதால் காற்றும் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. அப்படியானால் 7.64 வீணா? இல்லை. வானம் எவ்வளவு பிடித்துக்கொண்டது என்று சொல்ல, வானம் எதையும் பிடிக்காவிட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இப்போது வீவக புளோக் ஒன்றுக்குப் போவோம். சோலார்நோவா திட்டம் 2014இல் தொடங்கியதிலிருந்து பல புளோக்குகளின் கூரையில் சூரியத் தகடுகள் ஏறிவிட்டன. கூரையில்தான் வைக்க வேண்டுமா, கிழக்குப் பார்த்த சுவரில் செங்குத்தாக மாட்டினால் என்ன? காலையில் சுவருக்கு நேராகத்தானே வெயில் அடிக்கிறது?

சுவருக்குக் கிடைப்பது சைன் இல்லை, கொசைன். உதிக்கும்போது முழு வெயில். உச்சியில் சூரியன் சுவருக்கு மேலே போய்விடுவதால் ஒன்றும் இல்லை. காலை 7 முதல் 1 வரை, அதாவது கோ 0 முதல் பை ÷ 2 வரை, கூரைக்கு அதிகமா சுவருக்கு அதிகமா?

இங்கே ஒரு வேடிக்கையான பிரதியிடல் செய்யலாம். சூரியன் அடிவானத்திலிருந்து எவ்வளவு ஏறியது என்று அளப்பதற்குப் பதிலாக, உச்சிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று அளப்போம். அதை 'மீ' என்போம், மீதியின் மீ.

மீ = (பை ÷ 2) − கோ

கோவின் கொசைன்தான் மீயின் சைன். செங்கோண முக்கோணத்தின் இரண்டு கூர்ங்கோணங்களும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும். எல்லைகளைப் பாருங்கள்: கோ 0 என்றால் மீ பை ÷ 2, கோ பை ÷ 2 என்றால் மீ 0. தலைகீழாகிவிட்டது! கீழ் எல்லை பெரிய எண், மேல் எல்லை சிறிய எண். பயப்பட வேண்டாம். கோ கூடும்போது மீ குறைகிறது; அதனால் சிறுகோ = −சிறுமீ. எல்லைகளைப் பழையபடி சிறியதிலிருந்து பெரியதாகத் திருப்பும்போது இன்னொரு கழித்தல் குறி வரும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது: 0 முதல் பை ÷ 2 வரை சைன் மீ. கூரையின் தொகையும் இதுவேதான், எழுத்துதான் வேறு. ஆக, காலைப்பொழுதில் கூரைக்கும் சுவருக்கும் ஒரே அளவு வெயில். படத்தில் பார்த்தாலும் அப்படித்தான்: காலையில் சூரியன் கிடைமட்டமாக நகர்ந்தது ஓர் ஆரம், செங்குத்தாக ஏறியது ஓர் ஆரம்.

நிஜப் பந்தயத்தில் சுவர் தோற்கும். அதற்கு நல்ல வெயில் கிடைப்பதெல்லாம் சூரியன் தாழ்வாக இருக்கும்போது. அந்த நேரத்து ஒளியைத்தான் காற்று அதிகமாக விழுங்குகிறது. பிற்பகல் முழுவதும் அதற்கு நிழல்தான். தகடுகள் கூரையில் இருப்பதே நியாயம்.

ஆனால் இந்தத் திருப்பிப்போடும் வித்தையை விட்டுவிடாதீர்கள். இதைவைத்து முரட்டுத் தொகை ஒன்றை அடக்கிக் காட்டுகிறேன். கூரையும் சுவரும் சேர்ந்து வாங்கும் வெயிலில் கூரையின் பங்கு என்ன? சைன் கோ ÷ (சைன் கோ + கொசைன் கோ). இதை 0 முதல் பை ÷ 2 வரை தொகையிட வேண்டும். நேராகப் போய் மோதினால் நெடு நேரம் திண்டாட வேண்டியிருக்கும். திருப்பிப்போட்டால்? சைன் இருந்த இடத்தில் கொசைன், கொசைன் இருந்த இடத்தில் சைன். மேலே இருந்த கூரையின் பங்கு சுவரின் பங்காகிறது; கீழே இருப்பது மாறவில்லை. ஆக, இரண்டு பங்குகளின் தொகையும் சமம். இரண்டு பங்குகளையும் கூட்டினால் எப்போதும் 1. ஒன்று என்பதை பை ÷ 2 நீளத்துக்குக் கூட்டினால் பை ÷ 2. அதில் பாதி பை ÷ 4. முடிந்தது! தொகையைக் கண்டுபிடிக்காமலே அதன் மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டோம்.

இந்தச் சுவை தலைக்கேறிய ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். சீனிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதோடு அனுப்பிய தேற்றங்களில் வரையறுத்த தொகைகள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு எண்கள் வருகின்றன. இரண்டையும் பெருக்கினால் பையின் வர்க்கம் வரும்படி எடுத்தால் போதும். ஆல்ஃபாவைப் போட்ட தொகைக் கோவையும் பீட்டாவைப் போட்ட தொகைக் கோவையும் சமமாகிவிடும் என்கிறார். நம் கூரையும் சுவரும் இடம் மாறிக்கொண்டது போன்ற சமச்சீர்தான், ஆனால் எத்தனையோ மடங்கு ஆழமானது. பள்ளிப் பிரதியிடலால் அதை எட்ட முடியாது. 1915இல் அவர் 'மெசஞ்சர் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' என்ற ஆங்கில இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'சில வரையறுத்த தொகைகள்' என்பதுதான்.

கடைசியாக ஒரு கண்ணி. நன்றாகக் கணக்குப் போடுகிறவர்களும் இதில் விழுவதுண்டு. சூரியன் வில்லில் நடந்த நீளத்துக்குப் பதிலாக, அடிவானத்துக்கு மேலே அதன் உயரத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் யோசிக்கிறார். உயரம் = சைன் கோ. எல்லைகளையும் மறக்காமல் மாற்றுகிறார். உதிக்கும்போது உயரம் 0. மறையும்போதும் உயரம் 0. எல்லைகள் 0 முதல் 0 வரை! எங்கிருந்து புறப்பட்டோமோ அங்கேயே நிற்கிற தொகையின் மதிப்பு 0. பன்னிரண்டு மணி நேர வெயில் எங்கே போயிற்று?

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. உயரம் பாதி என்று சொன்னால் அது காலை 9 மணியா மாலை 5 மணியா? இரண்டு நேரத்துக்கும் ஒரே பெயர் வைக்கும் கடிகாரத்தை நம்பி நாளைக் கூட்ட முடியாது. ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு என்று உச்சியில் நாளை இரண்டாக வெட்டினால் கண்ணி விலகும். காலைக்கு உயரம் 0 முதல் 1. மாலைக்கு 1 முதல் 0. இறங்கும்போது உயரம் குறைவதால் அங்கே தானாக ஒரு கழித்தல் குறி வந்து சேரும். எல்லையின் தலைகீழோடு சேர்ந்து அது மறையும். காலைக்கு 1, மாலைக்கு 1, மொத்தம் 2. தொலைந்த வெயில் திரும்பி வந்துவிட்டது.

இனி அரைவட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே சில கேள்விகளுக்கு விடை காணலாம். ஒரு நாள் வெயிலில் கால் பங்கு பலகையில் விழுந்து முடியும்போது மணி எத்தனை? கிடைமட்டமாக விட்டத்தில் கால் பங்கு நகர்ந்திருக்க வேண்டும்; அது வில்லில் 60 பாகை; 7 மணியிலிருந்து நான்கு மணி நேரம்; மணி 11. முக்கால் பங்கு முடியும்போது மணி 3. ஆக, 11 முதல் 3 வரையுள்ள நான்கு மணி நேரத்தில் மட்டும் நாள் வெயிலில் சரிபாதி கொட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் பள்ளித் திடலில் ஓட்டப் பயிற்சி வைக்கும் ஆசிரியரிடம் இந்தப் படத்தைக் காட்டிப் பாருங்கள்.

உங்களுக்கு மூன்று கேள்விகள். அந்தப் பாதி வெயில் நேரம் 1950இல் தாத்தாவின் கடிகாரத்தில் எத்தனை மணிக்குத் தொடங்கியது? 1943இல்? கிழக்குப் பார்த்த சுவருக்கு அதன் நாள் வெயிலில் பாதி கிடைத்து முடியும்போது இன்றைய கடிகாரத்தில் மணி எத்தனை?

விடைகள்: காலை 10.30, நண்பகல் 12, காலை 9. மூன்றாவதற்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் என்பதைப் படத்தில் செங்குத்தாக அளந்து பாருங்கள்.